ஏழாம் தூணின் முறையீடு

கட்டடம் வாயைத் திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வசுமதி அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே மறு கையால் கைபேசியைப் பார்த்தாள். குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் அந்தச் செய்தி வந்திருந்தது.

"ஏழாம் தூண். தாங்கும் சக்தி குறைகிறது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கவனிக்கவும்."

அவ்வளவுதான். மனிதர்களாக இருந்தால் இதையே ஒரு வாரம் புலம்பியிருப்பார்கள். கட்டடத்துக்குப் புலம்பத் தெரியாது. கட்டடங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் யாரோ உட்கார்ந்து கட்டடங்களுக்குச் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"இப்பவா வரணும் இது?" என்றாள் வசுமதி. தோசை கருகிவிட்டது.

அவள் அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. வெண்ணாரை என்க்ளேவ் என்ற அந்தக் குடியிருப்பின் சாவியை பில்டர் கொடுத்து ஐந்தாண்டு ஆக இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. ஐந்தாண்டுக்குள் தூணிலோ தளத்திலோ குறை வந்து விசாரணையும் முடிந்துவிட்டால், பில்டர் தன் கைக்காசில் சரிசெய்து தர வேண்டும். அது சட்டம். அந்தத் தேதி தாண்டிவிட்டால் தூண் வீட்டுக்காரர்களின் தூண், துருவும் வீட்டுக்காரர்களின் துரு.

அதோடு அவள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேறு. ஆசைப்பட்டு வந்த பதவியில்லை. பொதுக்குழுவில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டபோது அவள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள் செய்த தப்பு அதுதான்.

கருகாத தோசைகளைத் தட்டில் அடுக்கி, சட்னி ஊற்றி, படுக்கையறைக் கதவுக்கு வெளியே இருந்த ஸ்டூலில் வைத்தாள். கதவு சாத்தியிருந்தது.

"பரிதி, சாப்பிட்டுடுப்பா. ஆறிடும்."

உள்ளிருந்து "ம்" என்று சத்தம் வந்தது. அந்த 'ம்' வந்த நாட்களில்தான் அவளுக்கு அலுவலகத்தில் வேலை ஓடும்.

குடியிருப்பில் உள்ள அத்தனை பேரையும் பொறுத்தவரை வசுமதியின் மகன் இளம்பரிதி டொராண்டோவில் இருக்கிறான். உண்மையில் அவன் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். அங்கே வேலை போயிற்று, விசா போயிற்று, அதற்குப் பிறகு அவனுக்குள்ளேயே ஏதோ ஒன்று நின்றுபோயிற்று. வந்தவன் அந்த அறைக்குள் நுழைந்தவன்தான், வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு பொய் அவளை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது. லிஃப்டில் யாராவது ஏறினால் கைபேசியைக் காதில் வைத்து, "அங்க பனி விழுதா கண்ணா? ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பாள். பால் ஏன் அதிகம் என்று பால்காரர் கேட்டதற்குத் தனக்குத் தயிர் அதிகம் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். நாலாவது மாடியில் ஒரு மனிதனை ஒளித்துவைக்க இவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று அவளுக்கு முன்பு தெரியாது.

வியாழக்கிழமை ஆணைய அலுவலகத்தில் சமரசக் கூட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் சமரச அலுவலர் ஷாஹிதா பானு. வயது வசுமதியின் வயதுதான் இருக்கும். அன்றைக்கு அவர் கேட்கும் எத்தனையாவது விரிசல் கதையோ, கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் பில்டர் கம்பெனியின் வக்கீல். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு.

"மேடம், எங்க தூண்ல குறை இல்ல. வீட்டுக்காரங்கதான் எதையாவது இடிச்சிருப்பாங்க, எதையாவது ஏத்தியிருப்பாங்க. குடிவந்த எல்லாரும் வாஸ்துன்னு சொல்லிச் சமையல் மேடையத் தூக்கி அக்னி மூலையில வெக்கறவங்கதானே?"

வசுமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதல் மாடி கோதண்டம் இருமினார். பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் அவர் வீட்டில் டிரில் சத்தம் கேட்காதவர்கள் யாரும் இல்லை.

"இடிச்சாங்களா இல்லையான்னு நீங்களும் நானும் எதுக்குச் சண்டை போடணும்?" என்றார் ஷாஹிதா பானு. "தூணையே கேட்டுடலாம். பதிவைத் திறந்தா தெரிஞ்சிடும்."

"பதிவுன்னா என்ன மேடம் இருக்கும் அதுல?" வசுமதி கேட்டாள். கட்டடம் பேசும் என்று தெரியும். அது வேறென்ன சொல்லும் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

"உங்க கான்கிரீட்ல உணர்மணல் கலந்திருக்கு, தெரியுமில்ல? மணல் மாதிரியே இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் மேல விழற பாரத்தை ஞாபகம் வெச்சிருக்கும். இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி நான் இங்க ஜூனியர். ஒரு விரிசல்னா பில்டர் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வருவார், வீட்டுக்காரங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வருவாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சத்தியம் பண்ணுவாங்க. அதுக்குள்ள வீடு வாங்கினவர் செத்தே போயிடுவார். அதான் கட்டடத்தையே சாட்சி ஆக்கிட்டாங்க. ஆணி அடிச்சது, சுவரை வெட்டினது, தண்ணித் தொட்டி வெச்சது எல்லாம் இருக்கும்."

"வேற?"

ஷாஹிதா பானு அவளை நிமிர்ந்து பார்த்தார். "பேச்சு பதியாது. எடையும் அதிர்வும், கான்கிரீட்டோட ஈரமும் உப்பும்தான். ஆனா வீட்டுல எத்தனை பேர், எந்த நேரத்துல எங்க நடக்கறாங்க, அது தெரியும். அதனாலதான் பூட்டி வெச்சிருக்கோம். அந்தத் தூண் போற அஞ்சு வீட்டுக்காரங்களும் சம்மதம் குடுத்தாத்தான் திறக்கும். ஒருத்தர் மாட்டேன்னாலும் திறக்காது. திறக்கலேன்னா புகார் நிக்காது."

"திறந்து, குறை கம்பெனி மேலன்னு வந்தா?"

"தூணைச் சுத்தி புதுக் கம்பி கட்டித் திரும்ப வார்க்கணும். மூணு மாசம் அஞ்சு வீடும் காலி. அதுவரைக்கும் கம்பெனி வேற வீடு குடுக்கணும்."

வசுமதி தலையாட்டினாள். தோற்றால் வீடு போகும். கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போனதாக அவளிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். ஜெயித்தால், நாலு மாடியும் இறங்கி, நாற்பது வீட்டு ஜன்னல்களுக்கு முன்னால், டொராண்டோவில் இருக்கும் மகன் வேனில் ஏற வேண்டும். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவளுக்கு இதில் எது பரவாயில்லை என்று தெரியவில்லை.

சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு எல்லாவற்றையும் மகனிடம் சொன்னாள். அவனிடம் பேசுவதெல்லாம் கதவின் மரத்தைப் பார்த்துத்தான்.

"நான் நடக்கறதும் பதிவாகுதா?" என்றான் உள்ளேயிருந்து.

அவன் அந்த அறையில் செய்த ஒரே காரியம் நடப்பது. மத்தியானத்தில் குடியிருப்பே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடப்பான். மனநல மருத்துவர் காணொளியில் சொல்லிக்கொடுத்தது. அது ஒன்றை மட்டும் அவன் விடாமல் செய்துவந்தான்.

"ஆகுமாம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "சரிம்மா" என்றான் பிறகு.

வெள்ளிக்கிழமை வசுமதி படியேறி இறங்கினாள். சம்மதம் கொடுப்பது சுலபம், வண்டி நிறுத்துமிடத்தில் ஏழாம் தூணில் பதித்திருக்கும் சாட்சிப் பெட்டியில் கட்டைவிரலை வைத்தால் போதும். ஐந்தாம் மாடிக்காரர் மஸ்கட்டில் இருந்தபடியே கைபேசியில் விரலை வைத்துவிட்டார். இரண்டாம் மாடி பெனடிக்ட் தம்பதி இருவரும் நர்ஸ்கள், ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வைத்துவிட்டுப் போனார்கள். கோதண்டம்தான் நெளிந்தார்.

"அந்த மேடைய மாத்தினது வெளிய வந்தா என் மானம் போயிடுமே மேடம். யாரும் எதையும் இடிக்கக் கூடாதுன்னு சங்கத்துல முதல்ல கத்தினவனே நான்தான்."

"சார், நீங்க வெட்டினது வெறும் தடுப்புச் சுவர். தூணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மானம் போனா போகட்டும், வீடு நிக்குமில்ல?"

சொல்லும்போது நாக்கு கூசியது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் தன் விரலைப் பத்திரமாக மடக்கி வைத்திருந்தாள். யார் கேட்டாலும், "செயலாளர் கடைசிலதான் வெக்கணும்" என்று சொல்லிவைத்திருந்தாள். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது.

கடைசியாக மூன்றாம் மாடி. தன் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. அங்கே தனியாக இருப்பவர் தணிகாசலம், பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாதிச் செய்திகள் அவருடைய புகார்கள்தான். படிக்கட்டில் செருப்பு, காலையில் கிரைண்டர், மேலே யார் வீட்டிலோ நாற்காலி இழுக்கும் சத்தம், பிள்ளைகளின் பந்து. பிள்ளைகள் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நான் வெக்கறதா இல்ல" என்றார் கதவைப் பாதி திறந்து.

"சார், இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. தூண் விழுந்தா முதல்ல போறது நம்ம வீடுங்கதான்."

"நீங்க வெச்சுட்டீங்களா?"

"செயலாளர் கடைசில வெக்கணும் சார்."

தணிகாசலம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான் வெக்கறதா இல்லம்மா. போய் வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

படியில் நின்றபோது வசுமதியின் நெஞ்சில் முதலில் எழுந்தது கோபம் இல்லை, நிம்மதி. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது. தான் மறுக்க வேண்டியதை வேறு ஒருவர் மறுத்துவிட்டார். இனி எது நடந்தாலும் பழி அவர் தலையில்.

பழி சும்மா விழவில்லை, கூடைகூடையாக விழுந்தது. குழுவில் ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். ஹாரனுக்கு பில்டர் பணம் கொடுத்திருக்கிறான் என்றார் ஒருவர். வீட்டுக்குள் என்ன இடித்து வைத்திருக்கிறாரோ என்றார் கோதண்டம், இதைச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை. சனிக்கிழமை காலை தணிகாசலத்தின் வாசலில் இருந்த செருப்பை யாரோ கீழே சாக்கடையில் வீசிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கூடி நின்று கத்தினார்கள். அந்தச் சத்தம் நாலாம் மாடிக்கு, சாத்திய கதவு வரைக்கும், நன்றாகவே கேட்டது. அவர் கதவைத் திறக்கவில்லை. வசுமதி செயலாளராகப் போய், "விடுங்க, பேசிக்கலாம்" என்றாள். ஒரு வார்த்தை அதிகம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து அவள் சோபாவில் சாய்ந்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது. தணிகாசலம் வேட்டியும் பனியனும் தோளில் துண்டுமாக நின்றிருந்தார். காலில் செருப்பில்லை.

"உள்ள வரலாமாம்மா?"

"சார், செருப்பு விஷயம் எனக்கு ரொம்ப..."

"அது கெடக்குது. வேற ஒரு புகார் சொல்லணும்." குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா மேல சத்தமே இல்லயே. தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"எந்தத் தம்பி சார்?" என்றாள். இரண்டு வருஷப் பழக்கம், பொய் தானாக வந்து விழுந்தது.

"அம்மா, டிப்போல டைம் கீப்பரா இருந்தவன் நான். வர்ற வண்டி வரலன்னா எனக்குத் தெரியாதா?" அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "மத்தியானம் எல்லாரும் படுத்தப்புறம் ஆரம்பிப்பாரு. ஜன்னல்லேர்ந்து பீரோ வரைக்கும், திரும்பி ஜன்னல். என் தலைக்கு நேர் மேல. வெள்ளிக்கிழமைலேர்ந்து ஒண்ணும் காணோம். நேத்து ராத்திரிலேர்ந்து மனசே சரியில்ல. வந்து கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு பாத்தேன். அப்புறம் பொறுக்க முடியல."

வசுமதி உட்கார்ந்துவிட்டாள். பதிவாகிவிடுமே என்று பயந்து அவன் நடப்பதை நிறுத்தியிருக்கிறான். மூன்று நாளாக அவன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த அவளுக்குத் தெரியாதது கீழ் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாற்காலி இழுத்தாக்கூட குழுவுல போடுவீங்களே. இதை ஏன் சார் ஒரு நாளும்..."

"நாற்காலி இழுத்தா புகார் சொல்லலாம். மனுசன் நடக்கறதுக்கு யாராச்சும் புகார் சொல்வாங்களா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அதுவும் அது சும்மா நடக்கற நடை இல்ல. எங்கயோ போய்ச் சேரணும்னு நடக்கறது."

"அப்ப விரல் வெக்க மாட்டேன்னு சொன்னது?"

"நீங்க கடைசில வெக்கறேன்னீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுது, வெக்க மாட்டீங்கன்னு. யாராச்சும் ஒருத்தர் கெட்ட பேர் வாங்கித்தான் ஆவணும். எனக்கு ஏற்கெனவே நெறைய இருக்குது. இன்னும் கொஞ்சம் சேந்தா என்ன? நீங்க பாவம், வேலைக்குப் போறவங்க, நாலு பேர் மூஞ்சில முழிக்கணும்."

வசுமதி அழுதாள். இரண்டு வருஷத்தில் அவள் இன்னொரு மனிதர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

இளம்பரிதிக்குத் தாடி நெஞ்சைத் தொட்டது. கூடத்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை நோயாளிபோல இருந்தான்.

"அங்கிள், உங்க செருப்பை யாரோ தூக்கிப் போட்டாங்கன்னு பேசினது எனக்கும் கேட்டுச்சு" என்றான். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "அம்மா, நீங்க போய் விரல் வைங்க."

"வெச்சா காலி பண்ணணும்பா. நீ கீழ இறங்கணும். எல்லாரும் பாப்பாங்க."

"தூண் விழுந்தா மட்டும் பாக்க மாட்டாங்களா?"

தணிகாசலம் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொள்ளவில்லை. வசுமதியும் தணிகாசலமும் வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போய் அடுத்தடுத்து விரலை வைத்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

விசாரணை நாளில் குடியிருப்பிலிருந்து முப்பது பேராவது வந்திருந்தார்கள். வசுமதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுச் செருப்போடு தணிகாசலம். கம்பெனி வக்கீல் திரையைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் படித்தார். கோதண்டத்தின் அக்னி மூலை வெளியே வந்தது. பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள்.

"நாலாம் தளம். சங்கத்துல சொல்லியிருக்கறது ஒரு நபர். பதிவுல ரெண்டு நபர். இரண்டாவது நபர், எடையைப் பார்த்தா ஆண், ரெண்டு வருஷமா வெளியிலயே போகல."

அவ்வளவுதான், போட்டு உடைத்துவிட்டார். இரண்டு வருஷம் லிஃப்டிலும் மாடிப்படியிலும் கட்டிக்காத்தது ஒரு மூச்சில் போயிற்று. யாரோ தன் முதுகையே பார்ப்பதுபோல வசுமதிக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். நர்ஸ் பெனடிக்டின் மனைவி பின்னாலிருந்து கையை நீட்டி அவள் தோளில் வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது.

வக்கீல் நிறுத்தவில்லை. "இதைவிட முக்கியமானது மூணாம் தளம். அங்க இருக்கறது ஒருத்தர், வயதானவர். நாலாம் தளத்து நபர் மத்தியானம் நடக்க ஆரம்பிச்சதும் கீழ இவரும் நடக்கறார். அவர் திரும்பினா இவர் திரும்பறார். அவர் நின்னா நிக்கறார். கடைசி வாரம் அவர் நடக்காத மூணு நாளும் இவரும் நடக்கல. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். ரெண்டு தளத்துல ஒரே தூண் மேல ஒரே தாளத்துல காலடி விழுந்தா தூண் அசையும் மேடம். அதனால இது குடியிருக்கறவங்க உண்டாக்கின சேதம்."

வசுமதி திரும்பி தணிகாசலத்தைப் பார்த்தாள். இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஏசியபோது நிமிர்ந்து நின்றவர், இப்போது திருட்டு பிடிபட்டதுபோலத் தலையைக் குனிந்திருந்தார்.

"என்ன சார் இது?" என்றார் ஷாஹிதா பானு.

"ஒண்ணுமில்லம்மா." துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சம்சாரம் போனப்புறம் எனக்கு மத்தியானத்துல தூக்கம் வர்றதில்ல. வீடு ஓன்னு இருக்கும். திடீர்னு ஒரு நாள் மேல ஒருத்தர் நடந்தாரு. சரி, தனியா நடக்கறாரே, கூட நடப்போம்னு..." என்று சொல்லி நிறுத்தினார். "டாக்டரும் என்னை நடக்கத்தான் சொல்லியிருக்காரு. நான் விரல் வெக்காததுக்கு இதுவும் ஒரு காரணம். கெழவன் என்ன பைத்தியமான்னு கேப்பாங்களேன்னு."

ஷாஹிதா பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை என்றாலும்.

"வக்கீல் சார், மேல ஒரு பையன், கீழ ஒரு பெரியவர். ரெண்டு பேர் நடந்தா தாங்காத ஒண்ணை எப்படிங்க தூண்னு வித்தீங்க?" என்றார். பிறகு திரையில் கட்டடத்தின் ஆரம்பக்காலப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். வார்த்த முதல் நாளிலேயே கான்கிரீட்டில் உப்பு இருந்தது. யாரும் குடிவருவதற்கு முன்னால், யாரும் நடப்பதற்கு முன்னால், மலிவாகக் கிடைத்த கடல் மணல் கம்பியைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. வக்கீலின் சிரிப்பு அப்போதுதான் கலைந்தது. கம்பெனி தன் செலவில் தூணைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை ஐந்து குடும்பங்களுக்கும் மாற்று வீடு தர வேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வரும்போது ஷாஹிதா பானு வசுமதியைக் கூப்பிட்டார். "திறந்த பதிவைத் திரும்ப மூட எங்கிட்ட வழி இல்லம்மா. சட்டம் உங்களைக் காப்பாத்துச்சு, ஆனா காப்பாத்தும்போது கொஞ்சம் உரிச்சும் எடுத்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல மேடம்" என்றாள் வசுமதி. "ஒளிச்சு ஒளிச்சு நானும் களைச்சுப் போயிட்டேன்."

காலி செய்யும் நாளில் இளம்பரிதி லிஃப்டில் வர மறுத்துவிட்டான். தாடியை மழித்திருந்தான். பெட்டியோடு படியில் இறங்கினான், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. மூன்றாம் மாடித் திருப்பத்தில் தணிகாசலம் பையோடு காத்திருந்தார்.

"வண்டி லேட்டு" என்றார்.

"சாரி அங்கிள்" என்றான் அவன். இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். ஜன்னல்களில் ஆட்கள் இருந்தார்கள். கோதண்டம் கீழே வந்து, அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி வேனில் வைத்தார். வசுமதி எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. "டொராண்டோல பனி விட்டுடுச்சா?" என்று ஒரு வாண்டு மட்டும் கேட்டது, அதன் அம்மா அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து வந்த பெண் வேனுக்குப் பக்கத்தில் நின்று மாற்று வீட்டுச் சாவிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "சார், உங்களுக்கு முழங்கால் வலி இருக்குன்னு சொன்னாங்க. தரைத்தளத்துல ஒண்ணு இருக்கு, குடுத்துடவா?"

"இவங்களுக்கு எந்த மாடி?" என்று வசுமதியைக் காட்டினார் தணிகாசலம்.

"ரெண்டாவது."

"அப்ப எனக்கு ஒண்ணாவது மாடி. இவங்க வீட்டுக்கு நேர் கீழ."

அவருடைய புகார்களின் புகழ் கம்பெனி வரைக்கும் எட்டியிருந்தது. அந்தப் பெண் சாவியைக் கொடுக்கத் தயங்கினாள். "மேல சத்தம் வருதுன்னு அப்புறம் எங்ககிட்ட வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டீங்களே சார்?"

"வரலன்னாதான் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு தணிகாசலம் சாவியை வாங்கிக்கொண்டார்.